தார்ப்பாய் போர்த்திய காருக்கு ஏன் துரு வந்தது?

வாசகர் கேள்வி:

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மூன்று வருடங்களுக்கு முன் 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஷெட் கிடையாது. வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. மழையும் பனியும் படக்கூடாது என்று ஐப்பசி பிறந்ததும் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் எடுப்பேன். இவ்வளவு பத்திரமாக வைத்தும், போன மார்கழியில் இரண்டு முறை செல்ஃப் எடுக்கவில்லை. கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. முன்பக்கம் இடது சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் நனைந்து நாறுகிறது. காலையில் ஓட்டினால் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. டொரான்டோவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஆன்டிஃப்ரீஸ், பனிக்கால டயர், இன்ஜின் ஹீட்டர், வாரம் ஒரு முறை வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவது என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். இதில் எதையெல்லாம் நான் செய்ய வேண்டும்? பொங்கலுக்கு மகள் குடும்பம் வருகிறது. பேரப்பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

பதில்:

ஐயா, வணக்கம். பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அதனால் வந்தவை.

வண்டியின் மேல் அக்கறை இருக்கிறவர்கள்தான் தார்ப்பாய் போடுகிறார்கள். அதனால் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வேலூரில் நான் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் டிங்கரிங் வேலைக்கு வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். வெட்டவெளியில் நனைந்து காய்ந்த வண்டியை விட, மூடிக் கட்டிய வண்டியில்தான் துரு ஆழமாக இறங்கியிருக்கிறது.

காரணம் எளிது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் வாசல் மண் ஈரமாகவே இருக்கும். வண்டி நிற்கும் இடத்துக்குக் கீழேயிருந்து அந்த ஈரம் ஆவியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு வெயில் வந்ததும் தார்ப்பாய் சூடேறி உள்ளே புழுங்கும். ராத்திரி குளிர்ந்ததும் அதே ஆவி தார்ப்பாயின் உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து வண்டியின் மேல் சொட்டும். இட்லிக் குண்டான் மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் பார்த்திருப்பீர்களே, அதேதான். வெளியே நிற்கும் வண்டி மழை விட்ட ஒரு மணி நேரத்தில் காற்றுக்குக் காய்ந்துவிடும். உங்கள் வண்டி மூன்று மாதமாகக் காயவே இல்லை. இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு. எவ்வளவு தண்ணீர் பட்டது என்பதை விட, எத்தனை மணி நேரம் ஈரமாகவே இருந்தது என்பதுதான் இரும்புக்குக் கணக்கு.

என் முதல் வண்டியையும் நான் இப்படித்தான் மூடி வைத்தேன். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம். யாரும் சொல்லவில்லை. நாலு பக்கமும் கயிறு கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டு, தையில் அவிழ்த்தபோது கதவின் அடி விளிம்பு விரல் வைத்தால் பொத்துக்கொள்ளும் நிலையில் இருந்தது. அன்றிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஷெட் போட வசதி இருந்தால் மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. அது போதும். இல்லையென்றால் காற்றுப் போகிற துணிக் கவர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதையும் வண்டி காய்ந்திருக்கும்போது மட்டும் போடுங்கள், அடைமழை நாட்களில் போட வேண்டாம். தூசி படிந்த வண்டி மேல் எந்தக் கவரைப் போட்டாலும் காற்றில் அது அசைந்து அசைந்து உப்புத்தாள் போல பெயிண்டைத் தேய்த்துவிடும். காலையில் பனி படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் துடைப்பதும் அப்படித்தான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடையுங்கள்.

சரி, கதவுக் கொப்புளம். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் எல்லாக் காரிலும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் தெரியும், அல்லது விரலால் தடவினால் தட்டுப்படும். அதில் மண்ணும் வேப்பம்பூவும் அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். வண்டியை ஓட்டும்போது கதவுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி நாலு கதவின் ஓட்டைகளையும் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறிவிடும். டிக்கி கதவிலும் பாருங்கள். ஐப்பசிக்கு முன் ஒரு தரம், கார்த்திகையில் ஒரு தரம் செய்தால் போதும்.

கொப்புளம் எழும்பிவிட்டது என்றால் துரு உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே டச்-அப் பெயிண்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழைக்கு இன்னும் பெரிதாக வரும். டிங்கரிடம் கொடுத்து, துருவை இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்து, அப்புறம்தான் பட்டியும் பெயிண்டும். இந்த வேலையை மழைக்காலத்தில் செய்யவே வேண்டாம். ஈரக் காற்றில் பட்டி சரியாகக் காயாது. தை பிறந்ததும் கொடுங்கள்.

அடுத்து இடது சீட்டுக்குக் கீழே ஈரம். இதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று இடத்திலிருந்து வரலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் நனைந்திருந்தால், உங்கள் வேப்பமரம்தான் காரணமாக இருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கிறது. கண்ணாடியில் விழும் தண்ணீர் அதற்குள் இறங்கி இரண்டு ஓரத்திலும் இருக்கும் வடிகால் வழியாகக் கீழே போக வேண்டும். வேப்பிலை சின்ன இலை, சல்லடைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். உள்ளே மட்கிக் களிமண் மாதிரி அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரம்பி ப்ளோவர் வழியாகக் காருக்குள் வரும். மழை பெய்யாமல் ஏ.சி. போட்ட நாளில் மட்டும் நனைந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் அதுதான். இரண்டும் இல்லாமல் ஈரம் பிசுபிசுப்பாக, கொஞ்சம் இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப் போடக்கூடாது, மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

எதுவானாலும் கார்ப்பெட்டை அப்படியே விட வேண்டாம். ரப்பர் மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே பஞ்சு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து வைத்திருக்கும். வெயில் அடிக்கும் நாளில் நாலு கதவையும் திறந்து வையுங்கள். பழைய செய்தித்தாளை அடியில் திணித்து இரண்டு மணிக்கு ஒரு தரம் மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுத்தால் நாற்றம் போய்விடும். காயாத கார்ப்பெட்டில் சென்ட் பாட்டில் தொங்கவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

கண்ணாடி மங்குவதும் இந்த ஈரத்தின் வேலைதான். கார்ப்பெட் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் உள்பக்கம் படிகிறது. குளிர்காலம்தானே என்று எல்லோரும் ஏ.சி.யை அணைத்துவிட்டு, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும்படி பட்டனைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நம் மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வெளிக்காற்று வரும்படி மாற்றி, ஏ.சி.யைப் போட்டு, சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏ.சி. காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் அது வேறு. ஏ.சி. குளிர் அதிகமாகிக் கண்ணாடி சில்லிட்டுவிட்டது என்று பொருள். வைப்பரை ஒரு வீச்சு விட்டுவிட்டுக் குளிரைக் குறையுங்கள்.

இனி பேட்டரி. மார்கழிக் குளிரில்தான் செல்ஃப் எடுக்காமல் போகிறது, அதனால் குளிர்தான் பேட்டரியைக் கெடுத்தது என்று நினைக்கத் தோன்றும். நம் ஊர் மார்கழிக் காலையில் 18, 19 டிகிரி இருக்கும். அந்தக் குளிர் ஒரு நல்ல பேட்டரியை ஒன்றும் செய்யாது. பேட்டரியைக் கெடுப்பது நம் சித்திரையும் வைகாசியும். 40 டிகிரிக்கு மேல் போகும் அந்த வெயிலில், பானட்டுக்குள் இன்ஜின் சூடும் சேர்ந்து, பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் வற்றுகிறது, ஈயத் தகடு அரிக்கிறது. அப்போது வெளியே தெரியாது. மார்கழியில் ஆயில் கொஞ்சம் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் தேவைப்படும்போதுதான் பேட்டரியின் பலவீனம் வெளியே வரும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிலோமீட்டர். ஒரு முறை செல்ஃப் அடிக்கச் செலவான கரன்ட் திரும்பிச் சேர்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். நிற்கும் நாட்களிலும் லாக், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எந்த எலக்ட்ரீஷியனும் பார்த்துச் சொல்வார். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவாக இருக்கிறது. 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்தாலே நல்ல பேட்டரிதான், அதற்காக வருத்தப்பட வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்பு பறக்கும்.

அப்புறம், வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். பள்ளிகொண்டா வரை போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வாருங்கள், போதும். பேட்டரிக்கும் நல்லது, சைலன்சருக்கும் நல்லது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுவது அதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் சின்னச் சின்ன ஓட்டத்தில் சைலன்சர் சூடேறாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி அரித்துவிடும். வீட்டு வாசலில் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க் பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் பட்டியலுக்கு வருகிறேன். அவர் சொன்னது அவர் ஊருக்கு ஒவ்வொன்றும் சரி. அங்கே ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்பதெல்லாம் சாதாரணம். ரோட்டில் பனிக்கட்டி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள், அந்த உப்பு வண்டியின் அடியைத் தின்றுவிடும், அதனால் கழுவுகிறார்கள். நம் ரோட்டில் உப்பு இல்லை, சேறுதான். வாரா வாரம் வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை வாட்டர் சர்வீஸில் சக்கரத்தின் மேல் வளைவுக்குள் ஒட்டிய சேற்றை அடித்து எடுத்தால் போதும், அந்தச் சேறு ஈரப் பஞ்சு மாதிரி இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். பனிக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாத மென்மையான ரப்பரில் செய்வது. நம் ரோட்டில் அது சீக்கிரம் தேய்ந்துபோகும், வேண்டாம். இன்ஜின் ஹீட்டரும் வேண்டாம்.

ஆன்டிஃப்ரீஸ் மட்டும் வேண்டும். ஆனால் உறைவதற்காக இல்லை. அவர் ஆன்டிஃப்ரீஸ் என்பதைத்தான் நாம் கூலன்ட் என்கிறோம். சரிபாதி கலந்த கூலன்ட் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது என்பது நமக்குத் தேவையில்லாத சங்கதி. அது ரேடியேட்டரும் இன்ஜினும் உள்ளே துருப்பிடிக்காமல் காக்கிறது, சீக்கிரம் கொதிக்காமலும் பார்த்துக்கொள்கிறது. அதுதான் நமக்கு வேண்டியது. இங்கே பலர் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். நம் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் என்ன நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடிக்கத் தயங்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

குடியாத்தம் என்பதால் வெள்ளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 நவம்பரில் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எங்களிடம் வந்த வண்டிகளில், தண்ணீரில் நின்றதால் மட்டும் கெட்டவை சரியாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று சாவி போட்டுப் பார்த்த வண்டிகளில்தான் இன்ஜினே போனது. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்க முடியாது. பிஸ்டன் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு இழுத்து வரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணீர் புகுந்து இன்ஜின் போனதற்குப் பெரும்பாலும் இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு இருந்தால்தான் தருவார்கள்.

மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் எலிகள் பானட்டுக்குள் குடியேறும், ஒயரைக் கடிக்கும். தார்ப்பாய் அதற்கும் நல்ல மறைவு. வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து, புழுக்கையோ கடித்த துணுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். காரில் தின்பண்டம் எதையும் விட்டு வைக்காதீர்கள். சில நாட்கள் எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்காமல், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். வாசல் சரிவாக இருந்தால் மட்டும் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும்.

ஏலகிரிக்குத் தாராளமாகப் போகலாம். போவதற்கு முன் டயர் பள்ளத்தைப் பாருங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் ஈர ரோட்டில் மலை ஏற 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பேன். காற்றை வண்டி ஓடாமல் இருக்கும் காலை நேரத்தில் பிடியுங்கள். வைப்பர் ரப்பர் கோடையில் வெந்து இறுகியிருக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும்போது விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஹைவேயில் தை மாதத்திலும் மூடுபனி இறங்கும். எட்டரை மணிக்கு மேல் புறப்படுங்கள். பனி இருந்தால் லோ பீமில் போங்கள், ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம், தலைமை ஆசிரியருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இறங்கும்போது மட்டும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வராதீர்கள். அடிவாரத்தில் பத்து நிமிடம் நிறுத்திச் சக்கரம் ஆறிய பிறகு கிளம்புங்கள்.